மேலாளர் பதவிக்கான நேர்காணல்: ஆயத்தமாவது எப்படி?

புனே நகரில் மென்பொருள் தொழில் வேரூன்றியது நேற்று இன்றன்று. டாட்டா குழுமத்தின் மென்பொருள் ஆய்வு மையம் 1981-இல் இங்கே தொடங்கப்பெற்றது. 1988-இல் அமைந்த சி-டாக் நிறுவனம், 1991-இல் 'பரம் 8000' மீக்கணினியை உருவாக்கியது. பெர்சிஸ்டென்ட், கேபிஐடி ஆகிய நிறுவனங்கள் 1990-இல் பிறந்தன. இன்று ஹிஞ்சவடி, கராடி, மகர்பட்டா பகுதிகளில் உள்நாட்டு நிறுவனங்களோடு, பார்க்லேஸ், எச்எஸ்பிசி, டாய்ச் வங்கி போன்ற பன்னாட்டு வங்கிகளின் தொழில்நுட்ப மையங்களும் புனேயில் இயங்குகின்றன.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கோவையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் இளம் பொறியாளர்களாக இந்நகருக்கு வந்தவர்கள் இப்போது நாற்பதை நெருங்குகிறார்கள். வீட்டுக்கடன் பாதி அடைந்திருக்கிறது. பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். அடுத்த படி, நாற்பது ஐம்பது பேரை வழிநடத்தும் முதுநிலைப் பொறியியல் மேலாளர் பதவி. அதற்கான நேர்காணலில், பணியில் சிறந்து விளங்குபவர்களே பலமுறை தடுமாறுவதைக் காண்கிறோம். இருபத்தைந்து வயதில் ஆயத்தமானது போலவே இப்போதும் ஆயத்தமாவதே அதற்குப் பெரும்பாலும் காரணம்.

எதை அளக்கிறார்கள்?

இளநிலைப் பொறியாளரிடம் "உமக்கு என்ன தெரியும்?" என்று கேட்கிறார்கள். மேலாளரிடம் "உம்மால் பிறர் என்ன செய்தார்கள்?" என்று கேட்கிறார்கள். கூகுள் நிறுவனம் 2008-இல் தொடங்கிய ஓர் உள்ளாய்வு இதனை விளக்கும். நல்ல மேலாளரின் இயல்புகள் எவை என்று அவ்வாய்வு தன் ஊழியர்களின் மதிப்பீடுகளிலிருந்து எட்டுப் பண்புகளைத் திரட்டியது. அப்பட்டியலில் முதலிடம் பெற்றது, ஊழியர்களுக்கு நல்ல பயிற்றுநராக இருத்தல். தொழில்நுட்பத் திறன் எட்டாம் இடத்தில் நின்றது. அத்திறன் வேண்டாம் என்பது இதன் பொருளன்று. அது இருப்பதாகக் கொண்ட பின்னரே மற்றவை எண்ணப்படுகின்றன.

இத்தகைய பதவிக்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு சுற்றுகள் நடைபெறும். மென்பொருள் கட்டமைப்பு, மனிதர்களை வழிநடத்துதல், திட்டங்களை நிறைவேற்றுதல், பிற துறைகளோடு ஒத்துழைத்தல் ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சுற்றுகள் உண்டு. பல நிறுவனங்களில் எல்லாருக்கும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே அளவுகோலால் மதிப்பெண் இடும் முறை உள்ளது. ஷ்மிட், ஹன்டர் என்னும் உளவியலாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வு, மனம்போன போக்கில் பேசும் நேர்காணலைவிட இவ்வகை நேர்காணலே ஒருவரின் பணித்திறனை நன்கு முன்னறிவிக்கிறது என்று காட்டியது. ஆகவே இனிய பேச்சு மட்டும் போதாது. ஒவ்வொரு கேள்விக்கும் சான்று வேண்டும்.

அனுபவக் குறிப்பேடு

சான்றுகளைத் திரட்ட ஒரு குறிப்பேடு போதும். கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் நடந்த எட்டு நிகழ்வுகளை அதில் எழுதுங்கள்: பின்தங்கிய ஊழியரை மீட்டது, அல்லது மீட்க இயலாமல் விடைகொடுத்தது, இரு மூத்தவர்களின் பூசலைத் தீர்த்தது, நல்ல ஊழியர் விலக முற்பட்டது, காலந்தாழ்ந்த திட்டம், நள்ளிரவில் முடங்கிய கணினியமைப்பு, மேலதிகாரியின் முடிவை மறுத்தது, பிழையான ஆளைப் பணியமர்த்தியது, உங்கள் சொந்தத் தோல்வி.

ஒவ்வொன்றையும் சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்னும் நான்கு கூறுகளாக எழுதுவது நலம். சூழலை இரண்டு வரியில் முடித்துவிடுங்கள். பலர் சூழலைச் சொல்லியே நேரத்தைச் செலவிட்டு, தாம் செய்ததைச் சொல்லுமுன் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். விளைவை இயன்றவரை எண்ணால் சொல்லுங்கள். "வெளியீடு விரைவானது" என்பதைவிட, "மாதத்துக்கு ஒன்றாக இருந்த வெளியீடு வாரத்துக்கு ஒன்றானது" என்பது தெளிவு.

நம்மவர்களுக்கு இங்கே ஒரு தடை உண்டு. 'நான் செய்தேன்' என்று சொல்வது தற்பெருமை என்று வளர்க்கப்பட்டோம். எனவே எதையும் 'நாங்கள்' என்றே சொல்கிறோம். கேட்பவருக்கோ உங்கள் பங்கு எது என்று தெரியாமல் போகிறது. "முடிவு என்னுடையது, அதைச் செய்து முடித்தது குழு" என்று பிரித்துச் சொன்னால் அடக்கமும் குறையாது, உண்மையும் மறையாது. ஒரு நிகழ்வை வாய்விட்டுச் சொல்லிக் கைப்பேசியில் பதிவுசெய்து கேளுங்கள். மூன்று நிமிடத்தைத் தாண்டினால் சுருக்குங்கள்.

காலந்தாழ்ந்த திட்டமும் தோல்வியும்

"திட்டம் பின்தங்கினால் என்ன செய்வீர்கள்?" என்பது தவறாமல் வரும் கேள்வி. "கூடுதல் ஆட்களைச் சேர்ப்பேன்" என்பது பலரின் முதல் விடை. ஐபிஎம் நிறுவனத்தின் பெருந்திட்டம் ஒன்றை நடத்திய பிரெட் புரூக்ஸ், காலந்தாழ்ந்த மென்பொருள் திட்டத்தில் ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாழும் என்று 1975-இலேயே தம் நூலில் விளக்கினார். புதியவருக்குப் பழையவர் கற்பிக்க வேண்டும். ஆள் கூடக்கூடப் பேச வேண்டிய இணைகளும் பெருகும். ஐவர் குழுவில் 10 இணைகள்; பதின்மர் குழுவில் 45. எனவே எதைக் குறைப்பது, எதைத் தள்ளிவைப்பது, யாரிடம் எப்போது உண்மையைச் சொல்வது என்பனவற்றிலிருந்து விடையைத் தொடங்குங்கள்.

தோல்வியைப் பற்றிய கேள்விக்குப் பின்னே பெரிய காரணம் உண்டு. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் தன் வாடிக்கையாளர் கணக்குகளைப் புதிய கணினியமைப்புக்கு மாற்றியது. அமைப்பு தடுமாறியது, பல்லாயிரம் வாடிக்கையாளர்கள் தம் பணத்தைத் தொட இயலாமல் தவித்தனர். இயல்பு நிலை முழுமையாகத் திரும்ப அவ்வாண்டு டிசம்பர் ஆயிற்று. 2022 டிசம்பரில் அவ்வங்கிக்கு 4.865 கோடி பவுண்டு தண்டம் விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, அதன் முன்னாள் தலைமைத் தகவல் அதிகாரிக்கே தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்டு தண்டம் விதித்தனர். மென்பொருளை வழங்கிய நிறுவனத்தின் ஆயத்தநிலையைப் போதிய அளவு உறுதிசெய்யவில்லை என்பது அவர்மீதான குற்றச்சாட்டு.

வங்கிகளுக்கு மென்பொருள் எழுதும் மையங்கள் நிறைந்த புனேயில் இது தொலைதூரச் செய்தியன்று. "எல்லாம் தயார்" என்று கீழிருந்து வரும் சொல்லை நீங்கள் எப்படிச் சோதிப்பீர்கள் என்பதையே நேர்காண்பவர் அறிய விரும்புகிறார். தோல்வியே இல்லை என்று சொல்பவரைவிட, தவறு இன்னது, அதன் பின் மாற்றிய நடைமுறை இன்னது என்று சொல்பவரை நம்புவது எளிது. ஆனால் ஓர் எச்சரிக்கை: இப்போதைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் பெயரையோ இரகசியத் தகவலையோ வெளியிடாதீர்கள். இன்று அங்குள்ளதைச் சொல்பவர் நாளை இங்குள்ளதையும் சொல்வார் என்று கேட்பவர் எண்ணுவார்.

கட்டமைப்புச் சுற்று

மேலாளரும் கட்டமைப்புக் கேள்விக்கு விடைசொல்ல வேண்டும். "நாளொன்றுக்கு ஒரு கோடிப் பணப்பரிமாற்றங்களைக் கையாளும் அமைப்பை வரையுங்கள்" என்று கேட்டால், உடனே பெட்டிகளை வரையத் தொடங்காதீர்கள். முதலில் கணக்கிடுங்கள். ஒரு நாளுக்கு 86,400 நொடிகள். எனவே சராசரியாக நொடிக்கு ஏறத்தாழ 116 பரிமாற்றங்கள். சம்பள நாளன்றும் பண்டிகை மாலையிலும் இது பல மடங்காகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பின்னர் பணத்துக்கே உரிய கேள்விக்கு வாருங்கள்: இணைப்பு அறுந்ததால் வாடிக்கையாளர் அதே கோரிக்கையை இருமுறை அனுப்பினால் என்ன ஆகும்? ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் தந்து, அதே எண் மீண்டும் வந்தால் பழைய விடையையே திருப்பித் தர வேண்டும். கணக்கில் ஒருமுறைதான் பற்று வைக்க வேண்டும். கருவிகளின் பெயர்ப் பட்டியலைவிட இத்தகைய கவனமே முதுநிலைப் பதவிக்கு உரியது.

பணி ஆணை வந்த பின்

தேர்வான மகிழ்ச்சியில் சம்பளத் தாளின் மொத்தத் தொகையை மட்டும் பார்த்து ஒப்பமிட வேண்டாம். அத்தொகையில் நிலையான ஊதியம் எவ்வளவு, செயல்திறனைப் பொறுத்தது எவ்வளவு, நிறுவனத்தின் வருங்கால வைப்பு நிதிப் பங்கு சேர்ந்துள்ளதா என்று பிரித்தறியுங்கள். பங்குகளாகத் தரப்படும் பகுதி பெரும்பாலும் சில ஆண்டுகளில் சிறிது சிறிதாகவே கைக்கு வரும். வரும்போது அதன் சந்தை மதிப்பு சம்பள வருமானமாக வரிக்கு உட்படும். அவை வெளிநாட்டு நிறுவனத்தின் பங்குகளாயின் வருமானவரிப் படிவத்தில் தவறாது காட்ட வேண்டும். சேர்க்கை ஊக்கத்தொகையை, ஓராண்டு அல்லது ஈராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டுமா என்றும் கேளுங்கள்.

பணிக்கொடையை மறவாதீர்கள். நிலையான ஊழியருக்கு ஐந்தாண்டுத் தொடர்பணி நிறைந்தால் அது உரித்தாகும். கணிப்புக்குரிய மாத ஊதியம் ரூ.1,50,000 எனின், 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஓராண்டுக்கு ரூ.86,538, ஐந்தாண்டுக்கு ஏறத்தாழ ரூ.4,32,700. ஐந்தாண்டு நிறையச் சில மாதங்களே இருக்குமாயின், சேரும் நாளைத் தள்ளிவைக்கக் கேட்பதில் தவறில்லை. வைப்பு நிதியை எடுத்துவிடாமல் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்தாண்டு நிறையாமல் எடுத்தால் வரி உண்டு.

எழுத்துவடிவ ஆணை கைக்கு வருமுன் பணிவிலகல் கடிதம் தரலாகாது. பல நிறுவனங்களில் முன்னறிவிப்புக் காலம் 90 நாள். அதற்குள் சூழல் மாறக்கூடும். ஆறு மாத வீட்டுச் செலவும் தவணையும் சேமிப்பில் இருக்கட்டும். புதிய சம்பளம் இரண்டு மூன்று மாதம் கைக்கு வந்த பின்னரே புதிய கடனை எண்ணுங்கள். இன்னொன்று: ஹிஞ்சவடி நகரின் மேற்கு முனை, கராடி கிழக்கு முனை. மழைக்காலத்தில் அப்பயணம் வீட்டாரோடு இருக்கும் நேரத்தைத் தின்றுவிடும். ஆகவே முடிவைத் துணைவரோடு அமர்ந்து எடுங்கள்.

தேர்வாகாமற் போனாலும், அன்று மாலையே கேட்ட கேள்விகளையும் திணறிய இடங்களையும் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். காலிப்பணியிடம் வேறொருவருக்கு முன்பே பேசப்பட்டிருக்கலாம். நிதி ஒதுக்கீடு நின்றிருக்கலாம். அவை உங்கள் கையில் இல்லை. அடுத்த அழைப்பு வரும்போது அந்தக் குறிப்பேடு உங்களிடம் இருக்கும்.