குத்துக்கத்திகளைக் கடலில் எறிந்த வணிகர்



ஹெர்மன் மெல்வில் 1851இல் வெளியிட்ட ‘மொபி டிக்’ நாவலைப் படித்தோருக்கு பில்டாட், பெலெக் என்னும் இரு முதியவர்கள் நினைவில் இருப்பார்கள். திமிங்கில வேட்டைக் கப்பலொன்றின் பங்காளிகள் அவர்கள். போரையும் ஆயுதத்தையும் விலக்கும் குவேக்கர் என்ற கிறிஸ்தவ நெறியினர். ஆயினும் வாழ்நாள் முழுவதும் திமிங்கிலங்களின் இரத்தத்தில் நனைந்தவர்கள். இந்த முரண்பாடு மெல்விலின் கற்பனை மாத்திரம்தானா? அன்று என்பதற்கு ரொச் குடும்பத்தின் வரலாறு சான்றாகும்.

அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் கரைக்கு அப்பால் நன்ரக்கெற் என்றொரு மணற்பாங்கான சிறு தீவு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் உலகின் திமிங்கில எண்ணெய் வணிகத்திற்கு அதுவே தலைநகர் போல விளங்கியது. இங்கிலாந்திற் பிறந்த ஜோசப் ரொச் அங்கு குடியேறி வணிகத்தைத் தொடங்கினார். அவருடைய மக்களுள் வில்லியம் (1734–1828), பிரான்சிஸ் ஆகிய இருவரும் அதனை வளர்த்தனர். 1765இல் ஜோசப் பெருநிலக் கரையிலுள்ள பெட்போர்ட் என்ற சிற்றூருக்குத் தொழிலை விரித்தார். பிற்காலத்தில் நியூ பெட்போர்ட் எனப் புகழ்பெற்ற துறைமுகம் அதுவே.

அக்காலத்தில் வீதி விளக்குகள் எரிந்தது திமிங்கில எண்ணெயினால். எண்ணெய்த் திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுக்கும் வெண்மெழுகுப் பொருளிலிருந்து புகையும் நாற்றமும் இல்லாத உயர்ந்த மெழுகுதிரிகள் செய்யப்பட்டன. ரொச் குடும்பத்தினர் வேட்டையோடு நின்றுவிடவில்லை. கப்பல் கட்டுவித்தல், மெழுகுதிரி வார்த்தல், எண்ணெயை இலண்டனுக்கு ஏற்றிச் சென்று விற்றல், திரும்பும் கப்பலை வெறுமையாக விடாது பிறர் சரக்கை ஏற்றி வருதல் என முழுச் சங்கிலியும் அவர்கள் கையில் இருந்தது.

இந்தத் திரும்புசரக்கே அவர்களை வரலாற்றுக்குள் இழுத்துவிட்டது. 1773இல் எண்ணெயை இலண்டனில் இறக்கிய ‘டார்ட்மத்’, ‘பீவர்’ என்னும் இரு ரொச் கப்பல்கள் கிழக்கிந்தியக் கம்பனியின் தேயிலையோடு பொஸ்ரன் திரும்பின. தேயிலையை இறக்கக்கூடாது என்றனர் மக்கள். இறக்காமற் புறப்பட அனுமதியில்லை என்றார் ஆளுநர். இடையில் அகப்பட்டுத் தவித்தவர் இளைஞரான பிரான்சிஸ் ரொச். டிசெம்பர் 16ஆம் திகதி இரவு மூன்று கப்பல்களிலிருந்து 342 தேயிலைப் பெட்டிகள் கடலிற் கொட்டப்பட்டன. மூன்றில் இரண்டு ரொச் குடும்பத்தினுடையவை.

அண்ணன் வில்லியத்தின் மனச்சாட்சியை அறிய இரண்டு நிகழ்ச்சிகள் போதும்.

திமிங்கிலக் கப்பலில் மாதச் சம்பளம் இல்லை. பயணத்தின் முடிவில் கிடைக்கும் எண்ணெயில் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. அடிமையொருவன் கப்பலேறினால் அவனுடைய பங்கு எசமானுக்கே சேரும் என்பது அன்றைய வழக்கம். 1770களின் தொடக்கத்தில், பிரின்ஸ் பொஸ்ரன் என்ற கறுப்பின மாலுமி ரொச்சின் கப்பலொன்றில் உழைத்துத் திரும்பியபோது, பங்குப்பணம் அவன் கையிலேயே கொடுக்கப்பட்டது. உரிமை கோரியவர் வழக்குத் தொடர்ந்தார். ரொச் மாலுமியின் பக்கம் நின்றார். நடுவர்குழு மாலுமிக்கே தீர்ப்பளித்தது; பணமும் விடுதலையும் அவனுக்கு வாய்த்தன.

மற்றது குத்துக்கத்திகளின் கதை. கடனை அடைக்க இயலாத வணிகர் ஒருவரிடமிருந்து 1764இல் வில்லியத்துக்குப் பொருள்கள் வந்து சேர்ந்தன. அவற்றுள் துவக்குகளும் இருந்தன. பறவை வேட்டைக்கென அவற்றை விற்றவர், மனிதனைக் குத்துவதற்கே உரியவை எனத் துவக்கு முனைக் கத்திகளை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார். சுதந்திரப் போர் மூண்டதும் அக்கத்திகளைக் கேட்டு ஆள் வந்தது. அவர் கொடுக்க மறுத்ததோடு, அவற்றைக் கடலில் எறிந்தும் விட்டார். விசாரணைக்கு அழைக்கப்பட்டபோது, தாம் பயன்படுத்த முடியாத கொலைக்கருவியைப் பிறர் கையிற் கொடுக்கவும் முடியாது என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னார்.

இரு தரப்பிலும் சேராத தீவை இரு தரப்பும் வருத்தின. கப்பல்கள் பறிபோயின. போர் முடிந்ததும் அந்நிய எண்ணெய்க்குப் பிரித்தானியா கடும் தீர்வை விதித்தது. 1785இல் இலண்டன் சென்று பேசிய வில்லியத்துக்குப் பயன் கிட்டவில்லை. பிரான்ஸ் அவரை வரவேற்றது. 1786இல் டன்கேர்க் துறைமுகத்தில் வணிகம் தொடங்கிற்று. அங்கும் புரட்சி வெடித்தது. 1791இல் பாரிஸ் தேசிய சபையின் முன் நின்று, ஆயுதம் ஏந்தும் கடமையிலிருந்து தம்மவருக்கு விலக்குக் கேட்டார். தலைமை வகித்த மிராபோ அவர்களது நெறியைப் பாராட்டினார். ஆயினும் தன்னையும் அயலவனையும் காப்பதும் கடமையே என்று விடையிறுத்தார். 1793இல் பிரான்சை நீங்கிய வில்லியம் பின்னர் நியூ பெட்போர்ட்டில் குடியேறி, அங்கேயே காலமானார்.

இத்தகைய மனிதரை மதிக்காமல் இருக்க முடியாது. எனினும் கொல்லாமை அதிகாரத்தைக் கற்ற நமக்கு ஒரு கேள்வி எழாமற் போகாது. கத்தியை மறுத்த அதே கை, எறியீட்டிகளோடு கப்பல்களை அனுப்பியது. அவருடைய அருள் அடிமையின் கைவரை நீண்டது. கடலில் மூச்சுவிட மேலெழுந்த பேருயிரை எட்டவில்லை. 1859இல் பென்சில்வேனியாவில் கிணறு தோண்டிப் பெற்றோலியம் எடுக்கப்பட்ட பின், விளக்கெண்ணெய்க்காகத் திமிங்கிலத்தைக் கொல்லும் தேவை குறைந்து சென்றது. அதற்குக் காரணம் சந்தையே, இரக்கமன்று.

மெல்வில் இதனை உணர்ந்திருந்தார். 1841இல் நியூ பெட்போர்ட்டுக்கு எதிர்க்கரையான பெயர்ஹேவனிலிருந்து அவரே மாலுமியாகக் கப்பலேறியவர். ஆகவேதான் பில்டாட்டையும் பெலெக்கையும் அவர் கயவர்களாக்கவில்லை. நல்லவர்களாகவே படைத்து, அந்த நன்மை எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதை மட்டும் நமக்குக் காட்டினார். அடுத்தமுறை அந்நாவலைக் கையில் எடுக்கும்போது, கடலடியிற் கிடக்கும் குத்துக்கத்திகளையும் சற்று நினைத்துக்கொள்ளுங்கள்.