இருமல் இல்லாத காசநோய்

காசநோய் என்றதும் நம் நினைவுக்கு வருவது இருமலும் சளியும்தான். ஆனால் அந்தக் கிருமி நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை. கழுத்து நெறிக்கட்டி, முதுகெலும்பு, வயிற்றின் உள்சவ்வு, இதயத்தைச் சுற்றியுள்ள உறை என்று எங்கும் தங்கிவிடும். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைவு. அதனால் அவர்களுக்குக் காசநோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம்.

டயாலிசிஸ் நிலையத்தில் தாதியாகப் பணியாற்றும் நான் இதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். வாரம் மூன்று நாள் வரும் ஐயா ஒருவருக்குப் பசி குறைந்தது. மாலையில் இலேசான காய்ச்சல் வேறு. "டயாலிசிஸ் செய்கிறவருக்கு இதெல்லாம் வழக்கம்தானே, மிஸ்ஸி" என்றார் அவர் மனைவி. எடையும் குறையவில்லை, கரைந்த சதையின் கணக்கை உடலில் சேர்ந்த நீர் மறைத்துவிட்டது. எக்ஸ்ரேயிலும் சளிப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. கழுத்தோரம் இருந்த சிறு வீக்கத்தை மகள்தான் கவனித்துச் சொன்னார். அதிலிருந்து திசு எடுத்துச் சோதித்த பிறகே காசநோய் என்று தெரிந்தது.

உடனே வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். நுரையீரலைத் தொடாத நெறிக்கட்டிக் காசநோய் பொதுவாகப் பிறருக்குத் தொற்றாது, தட்டு டம்ளர் வழியாக எந்தக் காசநோயும் பரவாது என்று மருத்துவர் விளக்கிய பிறகுதான் ஐயா மீண்டும் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

சிகிச்சை பெரும்பாலும் ஆறு மாதம்; எலும்பையோ மூளையையோ தாக்கினால் இன்னும் நீளும். எத்தம்பியூட்டால், பைராசினமைடு ஆகிய மருந்துகளை இவர்களுக்கு வழக்கமாக வாரம் மூன்று முறை, டயாலிசிஸ் முடிந்த பிறகே கொடுப்பார்கள். எத்தம்பியூட்டால் உடலில் தேங்கினால் பார்வை நரம்பு பாதிக்கும். நிறங்கள் மங்கலாகத் தெரிந்தால் அன்றே சொல்லிவிட வேண்டும். ஐசோனியாசிட்டால் கைகால் மரத்துப்போகாமலிருக்க வைட்டமின் பி6 சேர்த்துத் தருவார்கள். ரிஃபாம்பிசின் கண்ணீரையும் வியர்வையையும் ஆரஞ்சு நிறமாக்கும். அதற்குப் பயம் வேண்டாம்.

உங்கள் வீட்டில் டயாலிசிஸ் செய்பவர் இருந்தால், விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, காரணமில்லாத மெலிவு, புதிய வீக்கம் எதையும் சிறுநீரக நோயின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும், "வேறு இடத்தில் காசநோய் இருக்குமா, டாக்டர்?" என்று கேளுங்கள். எங்களிடம் அவர் இருப்பது நான்கு மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் அவரைப் பார்ப்பவர்கள் நீங்கள்தான்.