போத்தலில் போன சிறு துண்டு

பல்லேகமயில் எமக்குத் தெரிந்த சகோதரி ஒருவருக்கு மார்பில் கட்டி. சிறு துண்டெடுத்து 'பயொப்சி' பார்க்க வேண்டுமென்றார் வைத்தியர். "கத்தி பட்டா பரவிடும், வேணாம் புள்ள" என்று மாமி தடுத்தார். இரண்டு மாதங்கள் வீணாகின. ஒருவாறு துண்டெடுத்தார்கள். றிப்போர்ட் வர இரண்டு வாரமாகும் என்றதும் வீட்டில் மறுபடி கலக்கம்: "எதையோ மறைக்கிறாங்க!"

தாய்மார்களே, யாரும் எதையும் மறைக்கவில்லை. வேலை அத்தனை இருக்கிறது.

வெட்டிய துண்டு கெடாதிருக்க உடனே போர்மலினில் இடுவார்கள். அது உள்வரை ஊறவே பல மணி நேரம் வேண்டும். பிறகு படிப்படியாக மதுசாரத்தில் இட்டு நீரை அகற்றி, சைலீனில் தோய்த்து, சுமார் 60 பாகையில் உருகிய மெழுகை உள்ளே ஏற்றுவார்கள். (மதுசாரமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். அது குடிப்பதற்கல்ல, அத்துண்டு உடலுக்குத் திரும்புவதுமில்லை. தயங்க வேண்டாம் என்பதே எனது கருத்து.) இறுகிய மெழுகுப் பாளத்தை மைக்ரோடோம் என்னும் கருவியில் சீவுவார்கள். ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 3 முதல் 5 பங்குதான் சீவலின் தடிப்பு! இளஞ்சூட்டு நீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் போக்கிக் கண்ணாடித் தகட்டில் ஏந்துவார்கள். மெழுகை நீக்கிச் சாயமூட்டினால் கலங்களின் கருக்கள் நீலமாகவும் மற்றவை இளஞ்சிவப்பாகவும் தெரியும். பிசினிட்டு மெல்லிய கண்ணாடியால் மூடிய பின்னரே அது நோயியல் நிபுணரின் நுணுக்குக்காட்டிக்குப் போகும். கருக்கள் பருத்து ஒழுங்கிழந்தனவா, கலங்கள் தம் எல்லையை மீறினவா என்று அவர் பார்ப்பார். சில வேளை வேறு சாயமும் தேவைப்படும், நாட்கள் கூடும்.

எமது ஷாபிஈ பிக்ஹைக் கற்ற வைத்தியர் இப்னு நபீஸ் (மரணம் 1288), இரத்தம் நுரையீரல் வழியாகவே இதயத்தின் இடப்புறம் சேர்கிறதென எழுதினார். அவ்வழியிலுள்ள நுண்குழாய்களை நுணுக்குக்காட்டியில் கண்டவர் இத்தாலியரான மல்பீகி, 1661இல்.

மாமி சொன்னதற்கு வருவோம். மார்புக் கட்டியில் ஊசியால் துண்டெடுப்பதால் நோய் முற்றும் என்பதற்கு ஆதாரமில்லை. தாமதத்தால்தான் முற்றும்.

போத்தலில் உங்கள் பெயரும் வலமா இடமா என்பதும் சரியாக எழுதப்பட்டுள்ளனவா எனக் கேட்டறியுங்கள். றிப்போர்ட்டிலுள்ள இலக்கத்தைக் குறித்து வையுங்கள். மெழுகுப் பாளத்தைப் பரிசோதனைக்கூடத்தில் சேமித்து வைப்பதால், இன்னொரு நிபுணரிடம் காட்ட விரும்பினால் பெரும்பாலும் மீண்டும் வெட்ட வேண்டியிராது.

அச்சகோதரிக்குப் புற்றுநோய் என்றே வந்தது. கட்டி இன்னும் சிறிதாகவே இருந்ததால் சத்திரசிகிச்சை செய்ய முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். இப்போது கிளினிக்குக்கு அவரைக் கூட்டிப் போகிறவர் அதே மாமிதான். விடியற்காலை பஸ்ஸில் போனால் திரும்ப மஃரிபாகிவிடும்.