கோயில் ஏடுகள் – 7: ஸ்டீவன்டன் கல்யாணப் புத்தகம்

சென்ற வாரம் 1538இல் நிறுத்தியிருந்தோம். எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் அந்த ஆண்டுதான் ஆணை போட்டார். ஒவ்வொரு சர்ச்சிலும் ஒரு புத்தகம் இருக்க வேண்டும், ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் அதில் வாரந்தோறும் எழுத வேண்டும், புத்தகத்தை இரண்டு பூட்டுப் போட்ட பெட்டியில் வைக்க வேண்டும் என்றது ஆணை. ஒரு சாவி பாதிரியாரிடம், இன்னொன்று சபை நிர்வாகிகளிடம்.

அந்தப் பெட்டிகளில் ஒன்றிலிருந்த ஒரே ஒரு புத்தகத்தை இந்த வாரம் திறப்போம். ஊர் ஸ்டீவன்டன். தெற்கு இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில், பேசிங்ஸ்டோக் நகரத்துக்குத் தென்மேற்கே ஏழு மைல் தள்ளி இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுமார் 30 குடும்பங்கள்தான். பெரும்பாலானவர்கள் உழவு வேலையை நம்பிப் பிழைத்தவர்கள். செயின்ட் நிக்கலஸ் சர்ச் 13ஆம் நூற்றாண்டில் எழுந்த சிறிய கட்டடம். 1761இல் ஜார்ஜ் ஆஸ்டின் இந்தப் பங்கின் பாதிரியார் ஆனார். அவருக்கு எட்டுப் பிள்ளைகள். ஏழாவது பிள்ளை 1775 டிசம்பர் 16 அன்று பிறந்தது. மறுநாளே தகப்பனார் வீட்டில் வைத்து அதற்கு ஞானஸ்நானம் கொடுத்தார். பெயர் ஜேன். உலகம் கொண்டாடும் நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் அவர்தான்.

புத்தகத்துக்குள் போகும் முன் அது எப்படி அந்த வடிவத்துக்கு வந்தது என்று தெரிய வேண்டும். குரோம்வெல் ஆணைக்குப் பிறகு 200 ஆண்டுகளுக்கு மேல், கல்யாணத்தை எப்படி எழுதுவது என்பது அந்தந்தப் பாதிரியார் விருப்பம். சில ஏடுகளில் மணமகள் பெயர்கூட இல்லை. லண்டனில் நிலைமை இன்னும் மோசம். ஃப்ளீட் என்ற கடன்காரர் சிறையைச் சுற்றியிருந்த சந்துகளில், காசு கொடுத்தால் எந்த நேரமும் கல்யாணம் செய்துவைக்கப் பாதிரிமார் காத்திருந்தார்கள். பழைய தேதி வேண்டுமென்றால் பழைய தேதியே போட்டுக் கொடுத்தார்கள். ஏமாந்த பெண்களும், ஏற்கெனவே மனைவி உள்ள மாப்பிள்ளைகளும், சொத்துக்காகக் கடத்தப்பட்ட சிறுவயது வாரிசுகளும் வழக்கு மன்றங்களில் வந்து நின்றார்கள்.

இதை அடைக்க 1753இல் ஹார்ட்விக் பிரபு ஒரு சட்டம் கொண்டுவந்தார். 1754 மார்ச் 25 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கல்யாணம் சர்ச்சில்தான் நடக்க வேண்டும். யூதர்களுக்கும் குவேக்கர்களுக்கும் மட்டும் விலக்கு. மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்து, தடை சொல்வோர் உண்டா என்று சபையைக் கேட்க வேண்டும். இல்லையென்றால் பிஷப்பிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். 21 வயது நிரம்பாதவர் லைசென்ஸில் கல்யாணம் செய்யப் பெற்றோர் சம்மதம் வேண்டும். முடிந்த பிறகு மணமக்கள், பாதிரியார், இரண்டு சாட்சிகள் எல்லோரும் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். சட்டத்தை ஏய்க்கும் நோக்கத்தோடு பொய்ப் பதிவு எழுதினால் மரண தண்டனை.

இந்தச் சட்டத்தால்தான் அச்சடித்த படிவங்களோடு புதிய கல்யாணப் புத்தகங்கள் ஊர் ஊராகப் போயின. கட்டம் போட்ட பக்கம். பெயரும் ஊரும் தேதியும் எழுத வெற்றிடம். எப்படி நிரப்புவது என்று பாதிரியாருக்குக் காட்ட, முதலில் மாதிரிப் படிவங்கள். ஸ்டீவன்டன் புத்தகத்தில் அந்த மாதிரிப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. பாதிரியாரின் பதின்வயது மகள் பேனாவை எடுத்தாள்.

முதல் படிவம் ஓலை வாசிப்புக்கானது. லண்டனைச் சேர்ந்த ஹென்றி ஃப்ரெடரிக் ஹோவர்ட் ஃபிட்ஸ்வில்லியம் என்பவருக்கும் ஸ்டீவன்டன் ஜேன் ஆஸ்டினுக்கும் ஓலை வாசித்ததாக எழுதினாள். இரண்டாவது, கல்யாணப் பதிவு. அதில் மாப்பிள்ளை மாறிவிட்டார்: லிவர்பூலைச் சேர்ந்த எட்மண்ட் ஆர்தர் வில்லியம் மார்ட்டிமர். மூன்றாவது, கையெழுத்துப் பகுதி. அங்கே மாப்பிள்ளை வெறும் ஜாக் ஸ்மித். மணமகள் ஜேன் ஸ்மித், முன்னாள் ஆஸ்டின். சாட்சிகள் யார்? அதே ஜாக் ஸ்மித், அதே ஜேன் ஸ்மித்.

ஒரு சிறுமியின் குறும்பு என்று இதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. அந்த மூன்று பெயர்களையும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். ஹோவர்ட், ஃபிட்ஸ்வில்லியம் இரண்டும் இங்கிலாந்தின் பெருங்குடிப் பெயர்கள். அடுத்தவர் வணிகம் செழித்த துறைமுக நகரத்துக்காரர். கடைசி ஆள் ஊரும் பட்டமும் இல்லாத ஸ்மித். மேலிருந்து கீழே ஒவ்வொரு படியாக இறங்கி, எந்தக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டால் தான் யாராக ஆவாள் என்று அந்தப் பெண் எழுதிப் பார்த்திருக்கிறாள். கல்யாணம் ஒரு பெண்ணின் பெயரையும் ஊரையும் பிழைப்பையும் ஒரே வரியில் மாற்றிவிடும் என்பதை அவள் கற்றது தகப்பனாரின் புத்தகத்திலிருந்துதான் என்பது என் கணிப்பு. பின்னாளில் எழுதிய ஆறு நாவல்களும் அந்த ஒரு வரியைச் சுற்றியே நடக்கின்றன. மாதிரிப் பக்கம் சட்டப்படி பதிவு ஆகாது. அதனால் குற்றமும் இல்லை. அந்தப் பக்கம் கிழிக்கப்படாமல் நம் காலம் வரை வந்துவிட்டது.

அதே புத்தகத்தில் அவள் பெயர் உண்மையாகவும் இருக்கிறது. 1792 டிசம்பர் 11. மணமகள் ஜேன் கூப்பர், ஆஸ்டினின் பெரியம்மா மகள். மாப்பிள்ளை கடற்படை கேப்டன் தாமஸ் வில்லியம்ஸ். பெண்ணின் தகப்பனார் அந்த ஆகஸ்டில் இறந்துபோனதால் கல்யாணம் ஸ்டீவன்டனில் நடந்தது. சாட்சிக் கையெழுத்து ஜேனுடையதும், அக்கா கசாண்ட்ராவுடையதும். ஜேனுக்கு 17 நிறைய இன்னும் ஐந்து நாள் இருந்தது.

அந்தப் பக்கத்துக்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. 1783இல் இந்த மூன்று சிறுமிகளும் ஓர் ஆசிரியையின் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார்கள். சவுத்தாம்ப்டனில் இருந்தபோது விஷக்காய்ச்சல் பரவியது. ஜேனுக்கு உயிர் போகும் நிலை. வீட்டுக்குத் தகவல் சொல்லாமல் இருந்தார்கள். ஜேன் கூப்பர்தான் தன் தாயாருக்குக் கடிதம் எழுதினாள். தாய்மார் ஓடிவந்தார்கள், ஜேன் பிழைத்தாள். வந்த இடத்தில் கூப்பரின் தாயாருக்கே காய்ச்சல் தொற்றி, அவர் இறந்துபோனார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, தன் உயிரைக் காத்தவளின் கல்யாணத்துக்கு ஜேன் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள் என்பது படிவத்தின் எந்தக் கட்டத்திலும் இல்லை.

அந்தக் கல்யாணத்தை நடத்திவைத்தவர் டாம் ஃபவுல் என்ற இளம் பாதிரியார். கசாண்ட்ராவுக்கும் அவருக்கும்தான் கல்யாணம் என்று பேசி நிச்சயமானது. வருமானத்துக்கு வழி தேடி மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போன ஃபவுல், 1797இல் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். கசாண்ட்ரா பிறகு யாரையும் மணக்கவில்லை. மறு ஆண்டே, கேப்டனின் மனைவி ஜேன் கூப்பர் வண்டி விபத்தில் மாண்டார். ஜேன் ஆஸ்டின் 1817இல் 41 வயதில் மறையும்வரை தனியாகவே இருந்தார். அந்தப் புத்தகத்தில் கற்பனை மணமகளாக ஒரு பக்கம், உண்மைச் சாட்சியாக ஒரு பக்கம். மணமகளாகக் கையெழுத்துப் போடும் பக்கம் அவருக்கு வரவே இல்லை.

பிரபலமானவர் பெயர் இருப்பதால் இந்தப் புத்தகத்தைத் தேடிப் போகிறோம். வின்செஸ்டரில் உள்ள ஹாம்ப்ஷயர் ஆவணக் காப்பகத்தில் அது பத்திரமாக இருக்கிறது. ஆனால் இதுபோன்ற கல்யாண ஏடுகளின் பெருமை மற்றப் பக்கங்களில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உழவுத் தொழிலாளியும் வீட்டு வேலைக்காரியும் தங்கள் வாழ்நாளில் பேனா பிடித்த ஒரே தருணம் பெரும்பாலும் அதுவாகவே இருந்தது. எழுதத் தெரியாதவர் பெருக்கல் குறி போட, பக்கத்தில் பாதிரியார் பெயர் எழுதுவார். 1754க்குப் பிறகு எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டியிருந்ததால், தேசம் முழுவதும் எத்தனை பேருக்கு எழுதத் தெரியும் என்பதை இந்த ஏடுகளை வைத்தே கணக்கிட்டார்கள். தொடக்கத்தில் மணமகன்களில் பத்துக்கு ஆறு பேர் பெயர் எழுதினார்கள். மணமகள்களில் பத்துக்கு நால்வர்கூட இல்லை. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 404 பங்குகளின் ஏடுகளைக் கொண்டு, 1541 முதலான இங்கிலாந்து மக்கள்தொகை வரலாற்றையே எழுதிவிட்டார்கள். 1981இல் அது புத்தகமாக வந்தது. ஊர் ஊராக உட்கார்ந்து பெயர்களை எண்ணிக் கொடுத்தவர்களில் பலர் ஊதியம் வாங்காத உள்ளூர்க்காரர்கள். அவர்களை வணங்கத் தோன்றுகிறது.

1837 ஜூலையில் அரசுப் பதிவு வந்தபோது, மணமக்களின் தகப்பன் பெயரும் தொழிலும் சேர்ந்தன. தாயின் பெயர் சேர 2021 மே மாதம்வரை ஆனது. பிள்ளை பெற்று வளர்த்தவளுக்கு அந்த ஒரு வரி கிடைக்க 184 ஆண்டுகள் ஆனது பெரும் அநியாயம்.

அடுத்த வாரம் கடலூருக்குப் போகிறோம். ஜார்ஜ் ஆஸ்டினின் அக்கா ஃபிலடெல்ஃபியா, தாய் தகப்பன் இல்லாத பெண், 1752இல் தனியாகக் கப்பலேறி மதராஸ் வந்தார். 1753 பிப்ரவரி 22 அன்று கடலூரில், கம்பெனி மருத்துவர் டைசோ சால் ஹான்காக்கை மணந்தார். கடலூர், தரங்கம்பாடி, பாளையங்கோட்டைப் பக்கம் பழைய சர்ச் ஏடுகளைப் பாதுகாத்து வருகிறவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: கறையானும் ஈரமும் முந்திக்கொள்ளும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள்.

(தொடரும்)