கப்பல் மயக்கம்

சுங்கை வேயில் வாழும் நம்மில் பலருடைய முன்னோர், நாகப்பட்டினத்தில் படகேறி, கடலில் நங்கூரமிட்டு நின்ற கப்பலை அடைந்து மலாயாவுக்கு வந்தவர்கள். 1926இல் கட்டப்பட்ட 'ரஜுலா' அவ்வழியில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. மூத்தோர் சொல்லும் கப்பற் கதைகளில் வாந்தி இடம்பெறாத கதை அரிது!

இது கோழைத்தனம் அன்று. நம் உட்செவியில் நீர் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. கப்பல் ஆடும்போது அந்நீரும் அசைந்து, "உடல் ஆடுகிறது" என மூளைக்கு அறிவிக்கிறது. உள்ளே இருப்பவரின் கண்களோ சுவரைப் பார்த்து, "ஆடவில்லை" என்கின்றன. இம்முரண்பாட்டால்தான் தலை சுற்றிக் குமட்டுகிறது. தொடுவானமே தெரியாத கீழ்த்தளத்தில் கிடந்த ஏழைப் பயணிகள் எத்துணைத் துன்புற்றிருப்பர்!

இன்று கிள்ளான் துறைமுகத்திலிருந்து கெத்தாம் தீவுக்குச் செல்வோரும் இதை அறிந்திருத்தல் நன்று. ஆட்டம் குறைந்த நடுப்பகுதியில் அமர்ந்து, தொலைவிலுள்ள தொடுவானத்தை நோக்க வேண்டும். புத்தகம் படித்தல் ஆகாது. வெறும் வயிறும் ஆகாது. எண்ணெய்ப் பண்டமும் ஆகாது. இஞ்சி சிலருக்கு உதவும். மாத்திரை வேண்டுவோர் மருத்துவரைக் கேட்டு, புறப்படுமுன்பே உட்கொள்ள வேண்டும். குமட்டத் தொடங்கியபின் பயன் குறைவு. வாந்தியெடுத்தவருக்கு நீரைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம்.

நெடும்பயணத்தில் பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாட்களில் உடல் கடலுக்குப் பழகிவிடும். ரஜுலாவில் வந்தோர்க்கோ, பழகிய சில நாட்களில் பினாங்கு வந்துவிடும்.