சாய்ந்த கோபுரம் பிழைத்த கதை

கோபுரம் என்றால் நிமிர்ந்து நிற்க வேண்டும். இத்தாலி நாட்டில், பைசா நகரத்தில் உள்ள கோபுரமோ சாய்ந்து நிற்கிறது. அதனாலேயே அதற்கு உலகப் புகழ்!

இது அந்த ஊர் மாதா கோவிலின் மணிக்கூண்டு. பெர்த்தா என்ற விதவை அம்மாள், கோபுரத்துக்குக் கல் வாங்குவதற்காக 1172-ம் ஆண்டில் 60 'சோல்டி' நாணயங்களை எழுதி வைத்தார். மறு ஆண்டு வேலை தொடங்கியது.

8 அடுக்கு. சுமார் 185 அடி உயரம். எடை 14,500 டன். இவ்வளவு பெரிய கோபுரத்துக்கு அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் தெரியுமா? வெறும் 10 அடி! அதற்குக் கீழே இருப்பது களிமண்ணும் சேறும்.

சண்டை செய்த உதவி

1178-ல், நாலாவது அடுக்கு எழும்பும்போது வேலை நின்றது. பைசா நகரம் அக்கம்பக்கத்து நகரங்களோடு ஓயாமல் சண்டை போட்ட காலம் அது. ஏறக்குறைய 100 ஆண்டுகள் யாரும் கல் வைக்கவில்லை. அதுவே நல்லதாகப் போயிற்று. பாரம் தாங்காத களிமண், அந்த இடைவெளியில் மெல்ல மெல்ல இறுகிவிட்டது. ஒரே மூச்சில் கட்டியிருந்தால் கோபுரம் அப்போதே விழுந்திருக்கும் என்று நிபுணர்கள் சொல்கிறார்கள்.

1272-ல் மறுபடியும் வேலை ஆரம்பம் ஆனது. அதற்குள் சாய்வு தெரிந்துவிட்டது. கொத்தர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். தாழ்ந்த பக்கத்தில் கல்லைக் கொஞ்சம் உயரமாக வைத்துக் கட்டினார்கள். சாய்வு நிற்கவில்லை. கோபுரம் வாழைப்பழம் போல லேசாக வளைந்ததுதான் மிச்சம்!

கலிலியோ இதன் உச்சியில் இருந்து குண்டுகளைப் போட்டுப் பார்த்தார் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அவர் பைசாவில் பிறந்தவர்தான். ஆனால் அந்தக் கதையை அறிஞர்கள் பலர் நம்புவது இல்லை.

வைத்தியமே வினை

பிறகு வந்தவர்கள் சும்மா இருந்தார்களா? 1838-ல், மண்ணில் புதைந்த அடிப்பகுதியைக் கண்ணுக்குக் காட்ட, சுற்றிலும் பள்ளம் தோண்டினார்கள். தண்ணீர் பொங்கி வந்தது. கோபுரம் மேலும் சாய்ந்தது. 1934-ல் முசோலினி ஆட்சியில் அஸ்திவாரத்தில் 361 துளைகள் போட்டுச் சிமெண்டுக் கரைசலைச் செலுத்தினார்கள். அப்போதும் சாய்வு கூடியது.

1989-ல் அதே நாட்டில், பாவியா நகரில் இருந்த பழைய கோபுரம் ஒன்று திடீர் என்று இடிந்து விழுந்தது. 4 பேர் மாண்டார்கள். பைசா கோபுரத்தின் உச்சி அப்போது நேர்கோட்டை விட்டுச் சுமார் 15 அடி விலகி இருந்தது. அரசாங்கம் இனியும் தாமதிக்கவில்லை. 1990 ஜனவரியில் கோபுரத்தை மூடியது. நிபுணர் குழு அமைத்தது.

குழு எடுத்த எடுப்பில் வெற்றி பெற்றுவிடவில்லை. 1993-ல், சாயாத வடக்குப் பக்கத்தில் 600 டன் ஈயக் கட்டிகளை அடுக்கினார்கள். சாய்வு நின்றது. ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை. அதற்குப் பதிலாகக் கம்பி வடங்களைப் பூமிக்குள் இறக்க எண்ணி, 1995-ல் நிலத்தடி நீரை உறைய வைத்துத் தோண்டினார்கள். கோபுரம் மறுபடியும் நகரத் தொடங்கிவிட்டது! பதறிப்போய் மேலும் ஈயத்தை ஏற்றினார்கள். மொத்தம் 900 டன் ஆயிற்று.

கடைசியில் கைகொடுத்தது மிகவும் எளிய யோசனை. தாழ்ந்த பக்கத்தைத் தூக்க வேண்டாம். உயர்ந்த பக்கத்தைத் தாழ்த்தினால் போதும்! வடக்குப் பக்கத்தில் 41 குழாய்களைச் சாய்வாக இறக்கி, அடியில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை எடுத்தார்கள். கோபுரம் எவ்வளவு அசைந்தது என்று ஒவ்வொரு நாளும் அளந்தார்கள். அதைப் பார்த்த பிறகே அடுத்த பிடி மண். 2001-க்குள் சுமார் 70 டன் மண் வெளியே வந்தது. கோபுரம் ஒன்றரை அடி நிமிர்ந்தது. அதாவது, 1838-ல் இருந்த நிலைக்குத் திரும்பியது.

முழுவதும் நிமிர்த்த யாரும் நினைக்கவில்லை. நிமிர்ந்த கோபுரத்தைப் பார்க்க இவ்வளவு கூட்டம் வருமா என்ன?

2001 டிசம்பரில் கதவு திறந்தது. இன்னும் 200 ஆண்டுகளுக்காவது பயம் இல்லை என்கிறார்கள் நிபுணர்கள். இத்தனை காலத்தில் நாலு பலத்த பூகம்பங்களையாவது இது தாங்கியிருக்கிறது. அதற்குக் காரணம் அடியில் உள்ள அதே இளகிய மண்தான் என்று 2018-ல் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். பூமியின் ஆட்டத்தோடு சேர்ந்து கோபுரம் ஆடாதபடி அது காக்கிறதாம்.

இப்போது சீட்டு வாங்கிக்கொண்டு மேலே ஏறலாம். ஏறக்குறைய 300 படிகள். 8 வயது ஆகாத குழந்தைகளை மட்டும் உள்ளே விடுவது இல்லை.