பிறந்த முதல் நாளின் ஊசி

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் எவ்வளவு கேடு விளைவிக்கும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது, அது உடலில் புகும் வயதாகும். வளர்ந்தபின் தொற்றுக்கு ஆளாகும் நூறு பேரில் ஐவருக்கும் குறைவானவர்களிடமே வைரஸ் நிலைத்துத் தங்குகிறது. ஏனையோர் சில வாரங்கள் காமாலையில் வாடியோ, நோய் வந்ததே தெரியாமலோ அதிலிருந்து மீண்டுவிடுகின்றனர். பிறக்கும்போதே தொற்று ஏற்பட்ட குழந்தைகளிலோ, நூற்றுக்கு ஏறத்தாழ தொண்ணூறு பேரின் முதிராத நோய் எதிர்ப்பாற்றல் வைரஸை விரட்ட முடியாமல் தோற்றுவிடுவதால், அது வெளித்தெரியாமல் பல பத்தாண்டுகள் கல்லீரலில் தங்கி, பின்னர் சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் இறுக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படக்கூடும்.

தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவுவது பெரும்பாலும் கருப்பையில் அன்று, தாயின் இரத்தமும் பிற உடல்நீர்களும் குழந்தையின் மீது படும் பிரசவ வேளையில்தான். உட்புகுந்த வைரஸ் மெதுவாகவே பெருகுவதால், அதன் மேலுறைப் புரதத்தை மட்டும் கொண்ட தடுப்பூசியை உடனே போட்டால், வைரஸ் வேரூன்றுமுன் குழந்தையின் உடல் எதிர்ப்பொருள்களை உருவாக்கிவிட வாய்ப்புண்டு. முதல் தவணையை 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துவது இதனாலேயே. தாய்க்குத் தொற்று இருப்பது முன்கூட்டியே தெரிந்தால், ஆயத்த எதிர்ப்பொருள்கள் அடங்கிய இம்யூனோகுளோபுலின் ஊசியையும் 12 மணி நேரத்துக்குள் மற்றொரு தொடையில் போடுகின்றனர்.

இதை ஒரு நாடளவில் முதலில் செய்து காட்டியது தைவான். ஹெபடைடிஸ் பி மிகப் பரவலாக இருந்த அத்தீவில், பால்மர் பீஸ்லி முதலானோரின் ஆய்வுகளை அடியொற்றி, 1984 ஜூலையில் தொற்றுள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்கும், 1986 முதல் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்பூசி போடப்பட்டது. தாய்ப்பேய் நகரச் சிறார்களில் 1984இல் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் இருந்த தொற்று, 1999க்குள் ஒருவருக்கும் கீழே இறங்கியது. 6 முதல் 14 வயதுக்குட்பட்டோரிடம் கல்லீரல் புற்றுநோயும் 1990களின் முற்பகுதியிலேயே ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. தடுப்பூசியால் ஒரு புற்றுநோயையே தடுக்க முடியும் என்பதற்கு மருத்துவ உலகம் அதுவரை கண்டிராத சான்று இது.

எனினும், இரத்தத்தில் வைரஸ் மிகுதியாக உள்ள தாய்மார்களிடம் இரண்டு ஊசிகளும் சில வேளைகளில் தோற்பதுண்டு; அத்தகையோருக்குக் கர்ப்பத்தின் இறுதி மாதங்களில் டெனோஃபோவிர் மாத்திரை கொடுத்து வைரஸின் அளவைக் குறைப்பது இப்போது வழக்கமாகி வருகிறது. ஆனால் இதற்குத் தாயின் இரத்தத்தை முன்பே பரிசோதித்திருக்க வேண்டும். பரிசோதனையே எட்டாத இடங்களில் எல்லாக் குழந்தைகளுக்கும் முதல் நாளிலேயே ஊசி போடுவதுதான் நம்பத்தக்க காப்பு. இந்தியாவில் 6, 10, 14ஆம் வாரங்களில் போடப்படும் ஐந்நோய்த் தடுப்பூசியிலும் ஹெபடைடிஸ் பி தடுப்பு மருந்து அடங்கியிருப்பதால், முதல் நாள் ஊசி விடுபட்டாலும் பாதகமில்லை என்று சிலர் கருதுவது தவறு. பிரசவத்தில் புகுந்த வைரஸ் ஆறு வாரம் காத்திருப்பதில்லை.